படி யார் கையில்?

திருநாள்களுக்குக் குறைவில்லாத சமூகம் நம்முடையது. தோட்டத்து மாரியம்மனுக்குச் சில நாள், முனியாண்டிக்கு ஒரு நாள், பத்துமலைக்கு ஒரு நாள் என்று வருஷத்தில் பெரும் பகுதியைத் தெய்வங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். மிச்சமுள்ள நாள்களில் ஒன்றாகிய மே மாதம் 20ஆம் தேதி ஆண்டுதோறும் கவனிப்பாரற்று வந்து போகிறது. அந்நாளுக்கு உலக அளவியல் நாள் என்று பெயர். 1875ஆம் வருஷம் அதே தேதியில் பாரிஸ் நகரத்தில் 17 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, மீட்டர் உடன்படிக்கை என்னும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். நீளமும் எடையும் எந்த நாட்டிலும் எந்தக் கடையிலும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். அவ்வளவுகளைக் காத்து நிற்பதற்கு ஓர் அரசருக்கோ ஒரு வணிகருக்கோ சொந்தமல்லாத பொது ஸ்தாபனம் ஒன்று வேண்டும். இதுவே அவ்வொப்பந்தத்தின் சாரம். கூலிக்காரனுடைய சோற்றுப் பானையைத் தொட்ட உடன்படிக்கைகளில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே என்பது யாம் கொண்டுள்ள கருத்து. அதற்குப் பொங்கலிட வேண்டுமென்று யாம் சொல்ல வரவில்லை. நாலு பேருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்; அவ்வளவே.

நம்மவர் பேச்சில் ஒரு வழக்குண்டு. வேலை தந்து கூலி கொடுப்பவரைப் ‘படியளக்கிறவர்’ என்பார்கள். கடவுளையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். அச்சொல்லைச் சற்று நின்று நோக்கினால் அதனுள்ளே ஒரு பயம் ஒளிந்திருப்பது புலனாகும். நெல் அவருடையது, அளக்கும் படி அவருடையது, எண்ணிச் சொல்லும் வாயும் அவருடையது. வாங்குகிறவனுக்கு உள்ளவை ஏந்திய இரண்டு கைகள் மட்டுமே. முதற்படியை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லிவிட்டு, அடுத்ததை ‘இரண்டு’ என்று எண்ணத் தொடங்குவது நம் நாட்டுக் களங்களிலும் கடைகளிலும் நெடுங்கால வழக்கம். மங்கலச் சொல் என்று அதற்குச் சமாதானம் கூறுவர். யாருக்கு லாபம் என்று எதிரே நின்றவன் கேட்டதாக மட்டும் யாம் எங்கும் கேள்வியுற்றதில்லை.

வாங்கும் படி பெரிது, கொடுக்கும் படி சிறிது என்னும் சூழ்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று. 1789ஆம் வருஷம் பிரெஞ்சு தேசத்தில் குடிகளின் குறைகளை எழுதித் தருமாறு அரசர் கேட்டபோது, கிராமங்கள் அனுப்பிய முறையீட்டு ஏடுகளில் திரும்பத் திரும்ப வந்த குறைகளுள் ஒன்று, பிரபுக்கள் வாரம் வாங்கும் படி நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறது என்பதாகும். தலைமுறை தலைமுறையாகப் படி வளர்ந்தது, நிலம் வளரவில்லை. நம் தஞ்சைச் சீமையில் 1940-களில் பண்ணையாட்கள் சங்கங்கூடி எழுந்தபோதும், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. கூலியை உயர்த்து என்று கேட்பதற்கு முன்னே, ஒப்புக்கொண்ட கூலியை ஒழுங்கான மரக்காலால் அள என்று கேட்க வேண்டியிருந்த நிலைமையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சவுக்கடி கண்ணுக்குத் தெரியும். குறுகிய மரக்கால் கண்ணுக்குத் தெரியாது.

இவை வேண்டுமென்றே செய்த வஞ்சனைகள். வஞ்சனை இல்லாத இடத்திலுங்கூடக் குழப்பத்துக்குக் குறைவில்லை. ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு பொருள். சென்னை மணங்கு 25 ராத்தல். பம்பாய் மணங்கு 28 ராத்தல். வங்காளத்து மணங்கோ 82 ராத்தலுக்கும் மேல். மலாயாவில் நம் பாட்டன்மார் அரிசியும் கருவாடும் வாங்கிய காத்தி என்பது ஏறக்குறைய 605 கிராம். அதே குடும்பத்தைச் சேர்ந்த எடை சீனத்தில் இன்று 500 கிராம், தைவானில் 600 கிராம். நூறு காத்தி ஒரு பிக்குல். கடல் கடந்து வியாபாரம் செய்தவன் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருந்தான். கடல் கடந்து கூலிக்கு வந்தவனிடம் புத்தகமே இல்லை.

இவ்விடத்தில் சிலர் எழுந்து, ‘எம் சோழப் பேரரசில் இவ்வொழுங்கெல்லாம் அன்றே இருந்ததே’ என்று மார்தட்டுவர். இருந்தது உண்மை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் முதலாம் இராஜராஜன் அளித்த பொன்னெல்லாம் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டதாக எழுதியிருக்கின்றது. நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அது இராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் கல்வெட்டே சொல்கிறது. அதாவது ஒரு மரக்காலை மற்றொரு மரக்காலோடு ஒத்துப் பார்த்து, ஒத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அளவியல் என்னும் சாஸ்திரம் முழுவதும் இந்த ‘ஒத்துப் பார்த்தல்’ என்ற ஒரு செயலுக்குள் அடங்கிவிடும். நிலத்தை அளக்க உலகளந்த கோல் இருந்தது. பல கோயில்களின் சுவர்களிலும் அடித்தளங்களிலும் அளவுகோல்களின் நீளம் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. ஐயமுள்ளவன் தன் கோலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

இதைப் படித்து மகிழ்ச்சியுற்றவர்களில் யாமும் உளோம். ஆனால் அம்மகிழ்ச்சியில் ஒரு முள்ளும் கிடக்கிறது. கோல் கோயிற் சுவரில் இருந்தது. கோயிலுக்குள் யார் போகலாம்? மதுரை மீனாட்சி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் கால் வைத்தது 1939இல். சென்னை மாகாணத்தில் எல்லாருக்கும் கோயில் திறக்கச் சட்டம் வந்தது 1947இல். களத்தில் கூலி வாங்கி நின்றவன் எவனோ, அவனே வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். நியாயமான கோல் ஒன்று சுவரில் இருக்கிறது என்பதும், அதை ஒத்துப் பார்க்க வேண்டியவன் அருகே போகக் கூடாது என்பதும் ஒருங்கே நிலவிய நாடு நம் நாடு. ஆகவே அளவு சரியா என்ற கேள்வியோடு, அது யார் கையில் இருக்கிறது, யார் அதை அணுகலாம் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் இக்கேள்விக்கு ஒரு விசித்திரமான விடை கண்டார்கள். அரசன் கையை அளவாகக் கொள்ள வேண்டாம். ஒருவருக்கும் சொந்தமில்லாத பூமியையே அளவாகக் கொள்வோம் என்றார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று வகுத்தார்கள். அத்தூரத்தைக் கணிக்க, டன்கர்க் முதல் பார்சலோனா வரை நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்துவர டெலாம்பர், மெஷேன் என்னும் இரு வானநூலார் 1792இல் புறப்பட்டார்கள். புரட்சியும் யுத்தமும் நடந்த காலம். மலையுச்சிகளில் விளக்கேற்றித் தூரம் பார்க்கும் இவர்களை ஜனங்கள் ஒற்றர் என்று கருதிப் பிடித்து வைத்தார்கள். வேலை முடிய 1798 ஆயிற்று.

இவ்விருவரில் மெஷேனுடைய கதை எம் மனத்தை விட்டு அகலாதது. பார்சலோனாவில் நட்சத்திரங்களைக் கொண்டு அவர் கணித்த இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. வேறுபாடு மிகச் சிறியது. கருவியின் எல்லையே அவ்வளவு என்பதைப் பிற்காலத்தார் அறிந்தனர், அவர் அறியவில்லை. தம் பிழையென்றே நம்பி, அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து, அதை எண்ணி எண்ணி உருகி, மீண்டும் அளந்து சரிசெய்வதற்காக ஸ்பெயினுக்குத் திரும்பிச் சென்று, அங்கே 1804இல் காய்ச்சலால் மாண்டார். அவர் காகிதங்களைப் பிரித்துப் பார்த்த டெலாம்பர் உண்மையைக் கண்டார். பூமியின் வடிவம் அவர்கள் கருதிய அளவு ஒழுங்கானதன்று என்பதும் தெரியவந்தது. மீட்டர் தன் இலக்கணத்துக்கு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் குறைந்தே பிறந்தது. அதை நீட்டித் திருத்தவேண்டுமென்று ஒருவரும் பிடிவாதம் செய்யவில்லை. பூமிக்குச் சரியாக இருப்பதைக் காட்டிலும் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதே முக்கியம் என்று கண்டுகொண்டார்கள்.

அதே காலத்தில் நம் சென்னையிலும் பூமியை அளக்கும் வேலை தொடங்கியது என்பதை இங்கே சொல்லாமற் போக மனமில்லை. 1802ஆம் வருஷம் பரங்கிமலைக்கருகே லாம்டன் என்னும் ஆங்கிலேயர் எஃகுச் சங்கிலியால் முதல் நேர்கோட்டை அளந்தார். 1808இல் அவருடைய பெரிய கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின் மேலேற்றுகையில் கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதிச் சிதைந்தது. ஆடவல்லான் கல்லைப் போற்றி வைத்திருந்த அதே கோயில்! லாம்டன் பல வாரம் உட்கார்ந்து அக்கருவியைத் தம் கையாலேயே தட்டி நிமிர்த்திச் சீராக்கினார்.

நிற்க. 1875ஆம் வருஷத்து உடன்படிக்கையின் பயனாகப் பாரிஸுக்கு அருகில் செவ்ர் என்னும் ஊரில் சர்வதேச எடை அளவைக் காரியாலயம் ஏற்பட்டது. பிளாட்டினம் பத்தில் ஒன்பது பங்கும் இரிடியம் ஒரு பங்கும் கலந்து வார்த்த ஓர் உருளை, 1889இல் கூடிய முதற் பொது மகாநாட்டால் உலகத்தின் கிலோகிராம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. உயரமும் குறுக்களவும் தனித்தனியே 39 மில்லிமீட்டர், உள்ளங்கையில் மூடிவிடலாம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடிக் கவிகைகள் மூடி, நிலவறையில் வைத்தார்கள். அறையைத் திறக்க மூன்று திறவுகோல் வேண்டும். மூன்றும் மூவர் வசம். உருளையின் பிரதிகளை நாடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாடும் தன் பிரதியோடு தன் தராசுக் கற்களை ஒத்துப் பார்த்துக்கொண்டது.

கர்ப்பக்கிருகத்தை ஒத்த இவ்வறையைப் பற்றிப் படிக்கையில், இவர்களும் ஒரு மூலவரைப் பிரதிஷ்டை செய்துவிட்டார்களே என்று எமக்குத் தோன்றியதுண்டு. ஏனெனில் அவ்வுருளை குற்றமே செய்ய முடியாத பொருள். கிலோகிராம் என்றால் அதுதான்; அதுதான் கிலோகிராம். அதன்மேல் தூசு படிந்தால் உலகிலுள்ள எல்லாப் பொருளும் இளைத்ததாகக் கணக்கு. அதைத் துடைக்கையில் ஓர் அணு தேய்ந்தால் உலகம் முழுவதும் பருத்ததாகக் கணக்கு. வேதம் பொய்க்காது, குரு தவறார் என்று நம்மவர் சொல்லும் இடத்தில் இவ்வுருளையும் உட்கார்ந்திருந்தது.

வேற்றுமை எங்கே வந்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது. அவர்கள் மூலவரைச் சோதித்தார்கள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பின், 1988 முதல் 1992 வரை, நாடுகளுக்கு அனுப்பிய பிரதிகளைத் திரும்ப வரவழைத்து மூல உருளையோடு வைத்துப் பார்த்தபோது, பிரதிகளிற் பல சற்றே கனத்திருந்தன. அல்லது மூலம் சற்றே இளைத்திருந்தது. இரண்டில் எது என்று சொல்ல வழியில்லை. வேறுபாடு 50 மைக்ரோகிராம் அளவில். அதாவது ஒரு கிராமில் இலட்சத்தில் ஐந்து பங்கு, ஒரு விரல் ரேகையின் அழுக்கு. மீன் கடைக்கு அது ஒன்றுமில்லை, மருந்துக்கும் ஒன்றுமில்லை. இவ்வளவு சிறிய ஐயத்துக்காக, நூறு வருஷமாகத் தாம் போற்றிய பொருளைத் தாமே பதவி நீக்கம் செய்ய அவ்விஞ்ஞானிகள் முனைந்தார்கள். வேறொருவர் வந்து அவர்களைப் பணிக்கவில்லை.

புதிய அளவுக்கு அவர்கள் தேடிச் சென்றது பொருளையன்று, இயற்கையின் விதியை. இங்கிலாந்தின் தேசியப் பௌதிக ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த பிரையன் கிப்பிள் 1975இல் ஒரு விதத் தராசைக் கருதினார். சாதாரணத் தராசில் ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் படிக்கல். கிப்பிள் தராசில் மறு தட்டில் கல்லுக்குப் பதில் மின்சாரம். கம்பிச் சுருள் ஒன்றில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தத்துக்கிடையே நிறுத்தினால் அது ஒரு விசையோடு தள்ளும். அவ்விசை பொருளின் பாரத்தைத் தாங்கும். அம்மின்சாரத்தின் அளவைப் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டு மிக நுட்பமாகச் சொல்ல முடியும். ஜெர்மானியர் முதலானோர் வேறொரு வழியில் சென்றனர். சிலிக்கனால் குற்றமற்ற கோளம் ஒன்றைக் கடைந்து, அதிலுள்ள அணுக்களை எண்ணும் வழி. ஒன்றுக்கொன்று யாதொரு தொடர்புமில்லாத இவ்விரண்டு வழிகளும் ஒரே விடையைத் தரும் வரையில் மாற்றம் செய்வதில்லை என்று பொறுத்திருந்தார்கள். பல வருஷம் விடைகள் ஒத்துவரவில்லை, மகாநாடும் அவசரப்படவில்லை. கடைசியில் 2018 நவம்பர் 16ஆம் தேதி வெர்சேல்ஸ் நகரில் கூடிய 26ஆம் பொது மகாநாடு ஒருமனதாக வாக்களித்து, 2019 மே 20 முதல் கிலோகிராமைப் பிளாங்க் மாறிலியின்மேல் நிறுத்தியது. மீட்டர் 1983லேயே உலோகக் கோலையெல்லாம் துறந்து, ஒளியின் வேகத்தின்மேல் ஏறிவிட்டது: வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் செல்லும் தூரம் 29,97,92,458 மீட்டர். செவ்ர் நிலவறை உருளை இன்றும் அங்கேயே இருக்கிறது. மற்ற எந்தப் பொருளையும் போல அதுவும் இப்போது நிறுக்கப்படும் ஒரு பொருள்.

மாற்றம் நிகழ்ந்த மறுநாள் உலகில் எந்தக் கடையிலும் எந்த மாறுதலும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதற்காகவே அத்தனை வருஷம் பாடுபட்டார்கள். பெருஞ்சீர்திருத்தம் என்றால் பெருஞ்சத்தம் வேண்டும் என்று எண்ணும் எம் போன்றோர் இதை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. 1875இல் அம்மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் நம்மைப் போன்ற நாட்டார் இல்லை. பிரிட்டன் 1884இல் சேர்ந்தது; ஆனால் தன் ராத்தலையும் காலனையும் தன் குடியேற்ற நாடுகளில் அப்படியே ஆளவிட்டது. இந்தியா விடுதலைக்குப் பின்பே, 1957இல், உடன்படிக்கையில் சேர்ந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைத்தெருவுக்கு வரத் தொடங்கியது. 57 என்ற எண்ணுடைய பிளாட்டினப் பிரதி டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிசாலையில் காக்கப்பட்டு வருகிறது. அவ்வாராய்ச்சிசாலையின் முதல் தலைவர், வத்திராயிருப்பிலே 1898இல் பிறந்த நம் தமிழர் கே. எஸ். கிருஷ்ணன். சர் சி. வி. இராமனுடன் 1928இல் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பில் ஈடுபட்டவர் என்று அவரைப் பலர் அறிவர். ஒரு தேசத்தின் படிக்கற்களுக்குக் காவலாயிருந்த ஸ்தாபனத்தைக் கட்டி எழுப்பியவர் என்று அறிந்தவர் சிலர். மலேசியா உடன்படிக்கையில் சேர்ந்தது 2001இல். மகாநாட்டில் உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. பெரிய தேசம் சிறிய தேசம் என்ற பேதமில்லை.

இனி எமது ஊருக்கு வருவோம். பண்டார் தெங்காரா என்பது ஜொகூர் மாநிலத்துச் செம்பனைக் காட்டு நடுவே உள்ள சிறு பட்டணம். தெங்காரா என்ற மலாய்ச் சொல்லுக்குத் தென்கிழக்கு என்பது பொருள். மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியை வளப்படுத்த 1972இல் ஏற்பட்ட கெஜோரா வாரியம் எழுப்பிய ஊர்களில் இதுவும் ஒன்று. காத்தியையும் பிக்குலையும் ஓய்வுபெறச் செய்து கிலோகிராமைக் கொண்டுவந்த எடைகள் அளவைகள் சட்டமும் அதே 1972இல் பிறந்தது. எனவே எமது ஊரும் கிலோகிராமும் இந்நாட்டில் ஒரு வயதுடைய பிள்ளைகள். ஆங்கிலப் பள்ளியில் மீட்டரையும் கிலோகிராமையும் மனப்பாடம் செய்து தேறிய யாம், அவை எங்கே, யார் பொறுப்பில் இருக்கின்றன என்று அங்கே ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. தோட்டத்துக் கிராணி வேலைதான் அதைத் தேடிப் படிக்க வைத்தது.

குலை ஏற்றிய லாரி ஆலை வாசலில் எடைமேடை ஏறுகிறது. மேடைக்கடியில் உள்ள உருக்குத் துண்டுகள் பாரத்தால் மயிரிழையிலும் குறைவாக நசுங்க, அந்நசுக்கத்தை மின்சாரம் எண்ணாக்கிக் காட்டுகிறது. திரும்பும்போது வெறும் லாரியை நிறுத்துக் கழித்துக்கொள்கிறார்கள். அம்மேடையைத் தெரிந்த எடைகளை ஏற்றிச் சோதித்து முத்திரையிடுகிறார்கள். அவ்வெடைகள் அவற்றினும் நுட்பமான எடைகளோடு ஒத்துப் பார்க்கப்பட்டவை. அவை செப்பாங்கில் சாலாக் திங்கியிலுள்ள தேசிய அளவியல் நிலையத்தின் எடைகளோடு ஒத்தவை. அந்நிலையத்தின் எடைகள் செவ்ரோடு ஒத்தவை. 1999இல் நாடுகள் ஒருவர் சான்றை ஒருவர் ஒப்புக்கொள்ளப் பாரிஸில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஆதலால் செப்பாங்கில் எழுதிய சான்றை ஹாம்பர்க் துறைமுகமும் மறுப்பதில்லை. பாசிர் கூடாங்கில் கப்பலேறும் செம்பனை எண்ணெய் சூட்டில் விரிவது. அதன் பாரத்தைக் கணிக்க வெப்பமானியும் சரியாயிருக்க வேண்டும். அவ்வெப்பமானிக்கும் இதே போன்ற வம்சாவளி உண்டு. பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகள் நம் தோட்டங்களில் உண்டு. பிறப்புச் சான்று இல்லாத வெப்பமானியை மட்டும் கப்பல்காரன் ஏற்கமாட்டான்!

சங்கிலி இவ்வளவு நீளமாக வந்தும், கடைசிக் கண்ணியில் அறுந்திருக்கக் கண்டோம். குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி நிறுத்துக் கொடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்டிரும் முதியோரும் செய்கிறார்கள். கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று. ஓரிடத்தில் அவ்வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர் தம் சொந்த வில் தராசை மரக்கொம்பில் மாட்டி நிறுத்து வந்தார். ஒரு நாள் ஒரு மூதாட்டி எம்மிடம் வந்து, “கிராணி ஐயா, இந்தத் தராசு தின்னுதுங்க. நாங்க பொறுக்கிறதுல கொஞ்சம் அதுக்கும் பசி” என்றார். குத்தகைக்காரர் சிரித்து, “பழைய வில் அம்மா, களைத்துப் போச்சு” என்றார்.

வில் களைத்தால் அதிகமாக நீளும். நீண்டால் எடை கூடுதலாகக் காட்டுமேயன்றிக் குறைவாகக் காட்டாது. ஆகையால் அச்சமாதானத்தை யாம் ஏற்கவில்லை. கடையிலிருந்து கட்டுப் பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கிவந்து கொக்கியில் மாட்டினோம். முள் ஒன்பதேகாலில் நின்றது. வெறுங்கொக்கியாக விட்டுக் கண்ணாடி முகப்பின் அழுக்கைத் துடைத்துப் பார்க்க, முள் சுழியத்தில் நிற்காமல் அதற்குக் கீழே முக்கால் கிலோ தள்ளி நின்றது. சாக்கு பெரிதாயினும் சிறிதாயினும் ஒவ்வொரு நிறுவையிலும் இம்முக்கால் கிலோ போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நாற்பது கிலோ சுமக்கும் வாலிபனுக்கு அது ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. பதினைந்து கிலோவுக்கு மேல் தூக்க மாட்டாமல் சிறு சிறு சாக்காகக் கட்டிவரும் மூதாட்டிக்கு இருபதில் ஒரு பங்கு. தராசு எல்லாரையும் சமமாகத் தின்னவில்லை. பலமில்லாதவரை அதிகமாகத் தின்றது. மறு வாரம் முள் சுழியத்துக்கு வந்துவிட்டது. போன எடைக்குரிய கூலி வரவில்லை.

அந்த அரிசிப் பையைப் பற்றி ஒரு சொல். பையை நிரப்பிய ஆலையின் தராசு முத்திரையிட்ட தராசு. அதன் வழியாகச் செப்பாங்கும், செப்பாங்கு வழியாகச் செவ்ரும் அன்று அந்த மரக்கொம்பின் கீழே வந்து நின்றன. இதை யாம் சுற்றியிருந்தவர்களுக்கு விளக்கிச் சொன்னபோது மூதாட்டி, “அவ்வளவு தூரத்திலிருந்தா வருது? அரிசியோட விலையைச் சொல்லுங்க ஐயா, நானே ஒரு பை வாங்கி வச்சிக்கிறேன்” என்றார். எமது நீண்ட வியாக்கியானத்தைக் காட்டிலும் அது பயனுள்ள பேச்சு.

தராசு சரியானவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று யாம் நம்பவில்லை. கிலோவுக்கு இவ்வளவு கூலி என்பதைச் செவ்ர் தீர்மானிப்பதில்லை. கணக்குத் தப்பாத தராசு கொண்டு அற்பக் கூலியையும் கணக்குத் தப்பாமல் கொடுக்கலாம். மேலும், தராசுக்கு முத்திரை வந்தபின் வஞ்சனை வேறிடம் தேடிக் குடிபோகிறது. கித்தாத் தோட்டங்களில் நம் தந்தையர் பால் எடுத்த காலத்தில், பாலின் எடையோடு, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்பதை மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் கண்டு, பெருக்கிக் கூலி போடுவார்கள். எடையைப் பற்றி எழுந்த சண்டையைக் காட்டிலும் மாதிரிக்கு எடுத்த பாலைப் பற்றி எழுந்த சண்டையே பெரிது என்று முதியோர் சொல்வர். வாளியின் மேற்பாலா, கீழ்ப்பாலா, கலக்கி எடுத்ததா, கலக்காமல் எடுத்ததா? கருவி சரி, மொண்ட கை யாருடையது?

செம்பனையில் இப்போது அந்த இடம் கண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. எடைமேடை தாண்டியதும் குலைகளைக் கொட்டித் தரம் பார்க்கிறார்கள். காய் இத்தனை, காம்பு நீண்டது இத்தனை, அழுகல் இத்தனை என்று சதவீதம் போட்டு விலையிலும் எடையிலும் கழிக்கிறார்கள். சில இடங்களில் ஒரு பார்வையிலேயே இச்சதவீதம் விழுந்துவிடுகிறது. இதற்கும் அளவில்லாமல் இல்லை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் குலைகளைத் தரம் பிரிக்கக் கையேடு வெளியிட்டிருக்கிறது. பழம் உதிர்ந்த புதுக் குழிகள் குறைந்தது பத்தாவது குலையில் இருந்தால் அது பழுத்த குலை. பத்துக் குழியை எண்ண மின்சாரத் தராசு வேண்டுவதில்லை; பள்ளிக்கூடம் போகாத வெட்டுக்காரனும் எண்ணுவான். ஆனால் எண்ணும் இடத்தில் அவன் இல்லை. அவன் அறுத்த குலை லாரியில் போகிறது. அவன் அடுத்த வரிசைக்குப் போகிறான். மாலையில் லாரிக்காரர் கொண்டுவரும் தாளை வாங்கிப் பேரேட்டில் பதிவது எமது வேலை. அத்தாளில் வண்டி எண் இருக்கிறது; வந்த மணி, போன மணி இருக்கின்றன; மொத்த எடையும் வெறும் வண்டி எடையும் கிலோகிராமில் அச்சாகியிருக்கின்றன. கழிவுச் சதவீதத்தை மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். எத்தனை குலையைப் புரட்டிப் பார்த்தார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை.